நம்பாதவரும் நம்பத்தகாதவரும்: 'டிஸ்ட்ரஸ்ட்' படுத்தும் பாடு

சில வருடங்களுக்கு முன் ஒரு கள ஆய்வு அறிக்கையைத் தமிழாக்கும் வேலை வந்தது. 40 பக்கம், மூன்று நாள் கெடு. அங்கே குடியிருப்பவர்கள் அதிகாரிகள் விஷயத்தில் 'டிஸ்ட்ரஸ்ட்ஃபுல்' என்று அதில் ஒரு வாக்கியம். ராத்திரி 11 மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், 'குடியிருப்பாளர்கள் நம்பத்தகாதவர்கள்' என்று தட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். மறுநாள் பிரதியைச் சரிபார்த்தவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார்: "சார், இதில் யார் யாரை நம்பவில்லை?"

பதில் எழுதவே கூச்சமாக இருந்தது. வாக்குறுதி மேல் வாக்குறுதி கொடுத்து ஏமாற்றப்பட்ட சனங்களை ஒரே சொல்லில் ஏமாற்றுக்காரர்களாக்கி வைத்திருந்தேன்.

டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் என்றால் நம்பாதவர். நம்பத்தகாதவருக்கு அன்ட்ரஸ்ட்வொர்தி என்று வேறு சொல் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள அகராதி போதும். ஆனால் வேகமாக வேலை செய்யும்போது கை ஏன் தப்பான பக்கம் போகிறது என்பதற்கு அகராதியில் பதில் கிடையாது. எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான்: டிஸ்ட்ரஸ்ட் என்றதும் நாம் ஒரு பெயர்ச்சொல்லைத் தேடுகிறோம், 'அவநம்பிக்கை' கையில் அகப்படுகிறது, அதை எங்கே ஒட்டினாலும் யார் யாரை என்பது அழிந்துபோகிறது. தமிழில் இந்த அர்த்தம் குடியிருப்பது பெயர்ச்சொல்லில் அல்ல, வினையில்.

முதலில் நம்பிக்கை என்ற சொல்லைப் பாருங்கள், பாவம், அதன் தலையில் எவ்வளவு சுமை. ஆங்கிலத்தில் ட்ரஸ்ட், ஃபெய்த், பிலீஃப், ஹோப், கான்ஃபிடன்ஸ் என்று ஐந்து சொற்கள் பிரித்துக்கொள்ளும் வேலையை நம்மிடம் இது ஒன்றே பார்க்கிறது. குணமாகிவிடும் என்ற நம்பிக்கை, கடவுள் நம்பிக்கை, மேடையில் நம்பிக்கையோடு பேசினாள், அவர் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, மூடநம்பிக்கை. எல்லாம் ஒரே வேர். இது இன்றைக்கு நேர்ந்த குழப்பமும் இல்லை. தொல்காப்பிய உரியியலில் 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்று ஒரு நூற்பா இருக்கிறது. நசை என்றால் விருப்பம். அதாவது நம்பு என்ற சொல்லுக்கு அங்கே விரும்புதல் என்று பொருள். ஒன்றை விரும்பி எதிர்பார்ப்பதும் ஒருவரைச் சார்ந்து நிற்பதும் இந்த மொழியில் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

சுமை இப்படி இருந்தால் எதிர்ச்சொல் என்ன ஆகும்? 'அவர் அவநம்பிக்கையோடு பேசினார்' என்கிறோம். அவர் எதிர்காலம் இருட்டாகத் தெரிகிறது என்று சோர்ந்து பேசினாரா, எதிரே இருப்பவரை நம்பாமல் பேசினாரா? வாக்கியத்தை எத்தனை தரம் படித்தாலும் தெரியாது. அவநம்பிக்கைவாதி என்றால் எதிலும் கெட்டதையே எதிர்பார்ப்பவர் என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். அவர் ஊரில் எல்லோரையும் முழுசாக நம்புகிற மனிதராகக்கூட இருக்கலாம், உலகம் உருப்படாது என்று மட்டும் நினைப்பார்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அவநம்பிக்கை கலப்புச் சொல்: 'அவ' வடமொழி முன்னொட்டு, அவமானம் அவமரியாதையில் வருவது, நம்பிக்கை சுத்தத் தமிழ். டிஸ்ட்ரஸ்டும் அப்படியே ஒரு ஒட்டுச்செடிதான். ட்ரஸ்ட், ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் 'ட்ரௌஸ்ட்' வழியாக வந்த வட ஐரோப்பியச் சொல். 'டிஸ்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த முன்னொட்டு. இந்தச் சொல் 15ஆம் நூற்றாண்டில் வினையாக வந்து, பிறகு பெயராகவும் ஆனது. அதற்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டிலேயே, 'மிஸ்ட்ரஸ்ட்' இருந்தது. அதில் முன்னொட்டும் சொல்லும் ஒரே ஜெர்மானியக் குடும்பம். ட்ரஸ்டுக்கும், உண்மையைக் குறிக்கும் 'ட்ரூ'வுக்கும் அடியில் உறுதி, கெட்டி என்ற பொருளுள்ள ஒரு பழைய வேர் இருப்பதாகச் சொல்லாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மரத்தைக் குறிக்கும் 'ட்ரீ' அந்த வேர்தான், நம்முடைய தேவதாருவில் இருக்கும் 'தாரு'வும் அதுதான். சாய்ந்து நிற்கலாம், முறியாது என்பதுதான் அடிப்படை எண்ணம் போல.

சரி, டிஸ்ட்ரஸ்ட் என்றால் உண்மையில் என்ன? நம்பிக்கை இல்லாமல் இருப்பது என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. ஒரு சின்னக் காட்சி. வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் "நாளைக் காலையில் கணக்கை அனுப்பிவிடுகிறேன்" என்கிறார். அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நம்பவும் காரணம் இல்லை, நம்பாமல் இருக்கவும் காரணம் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். இதே வாக்கியத்தை, ஏற்கெனவே மூன்று முறை இப்படிச் சொல்லிவிட்டு நான்காம் நாள் "அனுப்பினேனே, வரலையா?" என்று கேட்ட ஆள் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் அதே "சரி"தான் வரும். ஆனால் கையில் வேறு வேலை ஓடும்: அவர் சொன்னதை உறுதிப்படுத்தி ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைப்பீர்கள், மேலாளரை நகலில் சேர்ப்பீர்கள், ராத்திரியே உட்கார்ந்து அந்தக் கணக்கை நீங்களே பாதி போட்டு வைப்பீர்கள், காலை பத்து மணிக்கு ஃபோன் அடிப்பீர்கள்.

முதல் ஆளிடம் இருந்தது வெறும் நம்பிக்கை இல்லாமை. இரண்டாவது ஆளிடம் இருப்பதுதான் டிஸ்ட்ரஸ்ட். அது காலி இடம் இல்லை, ஒரு முடிவு. அதற்கென்று செலவு இருக்கிறது, நேரம் போகிறது, தூக்கம் போகிறது. ஜெர்மானிய சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் 1968லேயே இதை எழுதினார்: நம்புவதும் நம்பாமல் இருப்பதும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வழிகள், சிக்கலான உலகத்தைச் சமாளிக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கித் தருவதுதான் அந்த வேலை, நம்பாதவருக்கு மட்டும் அதில் சுமை கூடுதல். 1998இல் லெவிக்கி, மெக்காலிஸ்டர், பீஸ் என்ற மூன்று நிர்வாகவியல் அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இவை ஒரே கோலின் இரண்டு முனைகள் அல்ல, தனித்தனிக் கோல்கள் என்றார்கள். ஒரே ஆளை ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், இன்னொரு விஷயத்தில் கிட்டவே விடாமல் இருக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில். இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம்தான். "ஆள் நல்லவர், ஆனா பண விஷயத்துல நம்ப முடியாது" என்று நாம் எல்லோருமே யாரையாவது பற்றிச் சொல்லியிருக்கிறோம்.

இப்போது அந்தப் பழைய சண்டைக்கு வருவோம்: டிஸ்ட்ரஸ்டுக்கும் மிஸ்ட்ரஸ்டுக்கும் என்ன வித்தியாசம்? அகராதிகள் பெரும்பாலும் ஒன்றை வைத்தே இன்னொன்றுக்குப் பொருள் சொல்லிவிட்டு நழுவிவிடும். நடைக் கையேடு எழுதுகிறவர்கள் கொஞ்சம் பிரித்துக் காட்டுவார்கள். அனுபவத்தாலோ கிடைத்த தகவலாலோ வருவது டிஸ்ட்ரஸ்ட், காரணம் சொல்லத் தெரியாமல் உள்ளுக்குள் ஏதோ உறுத்துவது மிஸ்ட்ரஸ்ட். இதை நான் நினைவில் வைத்திருப்பது இரண்டு பழமொழிகளால்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பது முதலாவது. அந்தப் பூனைக்குக் காரணம் தெரியும், எந்த இடம் என்று தெரியும், அது டிஸ்ட்ரஸ்ட். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இரண்டாவது. அவனுக்குக் குறிப்பிட்ட பேய் எதுவும் கிடையாது, இருட்டே போதும், அது மிஸ்ட்ரஸ்ட். இரண்டும் இல்லாமல், பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதை என்று மிதிக்கவும் முடியாமல் ஒருத்தர் நிற்கிறாரே, அவருக்கு இருப்பது 'டவுட்', சந்தேகம். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. பூனை முடிவெடுத்துவிட்டது.

உளவியலில் மிஸ்ட்ரஸ்ட் பொருத்தமாகவே உட்கார்ந்திருக்கிறது. எரிக் எரிக்சன் 1950இல் மனித வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்தபோது, கைக்குழந்தைப் பருவத்தின் இழுபறிக்கு 'ட்ரஸ்ட்டா மிஸ்ட்ரஸ்ட்டா' என்றே பெயர் வைத்தார். அழுதால் யாராவது வருவார்களா மாட்டார்களா என்பதிலிருந்து குழந்தை உலகத்தைப் பற்றியே ஒரு மனநிலைக்கு வந்துவிடுகிறது. அதனிடம் ஆதாரமும் இல்லை, வாதமும் இல்லை. அங்கே டிஸ்ட்ரஸ்ட் என்று போட்டிருந்தால், தொட்டிலில் கிடப்பது ஏதோ வழக்கறிஞர் போலத் தொனித்திருக்கும்.

ஆனால் இந்த விதியை ரொம்ப இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வழக்கமான மருந்தாகிப் பல வருடங்கள் ஆன பிறகும், சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுச் சுகாதாரத் துறையே கவனித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. மருத்துவர்களை அங்குள்ள கறுப்பின மக்கள் நம்பாததற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. கையேட்டின் விதிப்படி பார்த்தால் இது அச்சு அசல் டிஸ்ட்ரஸ்ட். ஆனால் மருத்துவ ஆய்வுகளில் 'மெடிக்கல் மிஸ்ட்ரஸ்ட்' என்ற தொடர்தான் நன்றாக ஊன்றியிருக்கிறது, டிஸ்ட்ரஸ்ட் என்ற பெயரில் இதை அளக்கும் அளவுகோல்களும் இருக்கின்றன. எனக்கு இதில் ஒரு சின்ன மனக்குறை உண்டு. மிஸ்ட்ரஸ்ட் என்றதும் காரணமில்லாத பயம் என்ற வாடை லேசாக வந்துவிடுகிறது, சூடு பட்ட பூனையை அரண்டவன் கணக்கில் எழுதியது போல.

பயன்படுத்துவதில் நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில. ட்ரஸ்டுக்குப் பின்னால் 'இன்' வரும், டிஸ்ட்ரஸ்டுக்குப் பின்னால் 'ஆஃப்' வரும். 'அவர் மேல்' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'டிஸ்ட்ரஸ்ட் ஆன்' என்று எழுதுவது நம்மவர்களிடம் சகஜம். டிஸ்ட்ரஸ்ட்ஃபுல்லுக்கும் 'ஆஃப்'தான். வினையாக வரும்போது எதுவுமே வேண்டாம், நேராக ஆளைப் போட்டுவிடலாம். அந்த வினையைத் தொடர்நிகழ்வாக, 'ஐ ஆம் டிஸ்ட்ரஸ்டிங் ஹிம்' என்று சொல்வதும் ஒட்டாது. தெரிதல், வெறுத்தல் மாதிரி அது ஒரு நிலை. தமிழில் 'உன்னைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்' என்பது இயல்பாக வருவதால் நமக்கு அதில் கை நீளுகிறது. அப்புறம், அரசைக் கவிழ்க்கக் கொண்டுவரும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆங்கிலத்தில் 'நோ கான்ஃபிடன்ஸ்', அதில் டிஸ்ட்ரஸ்டுக்கு வேலையே இல்லை.

'டவுட்' இன்னொரு பள்ளம். வகுப்பில் "சார், ஒரு சந்தேகம்" என்று கை தூக்குகிறவர் சொன்னதை நம்பவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், புரியவில்லை, விளக்குங்கள் என்பதுதான் பொருள். அதையே 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆங்கிலமாக்கி வேறு தேசத்து ஆளிடம் சொன்னால், நீங்கள் சொல்வது உண்மைதானா என்று கேட்பது போல அவர் காதில் விழக்கூடும். நமக்குச் சந்தேகம் அவ்வளவு அப்பாவியான சொல். வேறு இடத்தில் அதுவே விஷமாகிவிடும், வீட்டுக்குள் வந்த சந்தேகம் என்றால் எல்லோருக்கும் புரியும்.

ஆங்கிலத்தில் 'சஸ்பிஷியஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் கூர். சந்தேகப்படுகிறவரும் சஸ்பிஷியஸ், சந்தேகப்படும்படி நடந்துகொள்கிறவரும் சஸ்பிஷியஸ். லத்தீனில் அதன் அடி, கீழிருந்து மேலாகப் பார்ப்பது; தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. இந்த இடத்தில் தமிழ் கறாராக இருக்கிறது: எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவர் சந்தேகப் பிராணி, மாட்டிக்கொண்டவர் சந்தேகத்துக்குரிய நபர். என் ராத்திரி 11 மணித் தப்பை இந்தச் சொல்லில் செய்திருக்கவே முடியாது.

இன்னொரு சொல் முழுசாகத் திசை மாறிவிட்டது: 'டிஃபிடன்ட்'. இன்றைக்கு அதற்குக் கூச்சசுபாவி, தன்னம்பிக்கை குறைந்தவர் என்று பொருள். ஆரம்பத்தில் மற்றவர்களை நம்பாதவர் என்றுதான் பொருள். ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1651இல் மனிதர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லும்போது, போட்டிக்கும் புகழாசைக்கும் நடுவில் 'டிஃபிடன்ஸ்' என்று ஒன்றை வைத்தார். இன்றைய பொருளில் படித்தால், கூச்ச சுபாவத்தால் போர் மூள்கிறது என்று வரும். அவர் சொன்னது, நீ என்னைத் தாக்குவாய் என்று நானும் நான் உன்னைத் தாக்குவேன் என்று நீயும் பயந்து, ஒருவரை ஒருவர் நம்பாமல் முந்திக்கொள்வதை. வெளியே பார்த்துக்கொண்டிருந்த சொல் காலப்போக்கில் உள்ளே திரும்பித் தன்னையே பார்க்க ஆரம்பித்துவிட்டது.

'ஆன்டிட்ரஸ்ட்' என்று கண்ணில் பட்டால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம்பிக்கைக்கு எதிரான சட்டம் என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான ஸ்டாண்டர்ட் ஆயில் 1882இல் பல கம்பெனிகளின் பங்குகளை ஒரே அறங்காவலர் குழுவின் கையில் சேர்த்து வைத்தது, அந்த அமைப்புக்கு ட்ரஸ்ட் என்று பெயர். அப்படிப்பட்ட கூட்டுகளை உடைக்கத்தான் 1890இல் ஷெர்மன் சட்டம் வந்தது, 1911இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியைப் பிரித்தது. ஏகபோகத் தடைச் சட்டம் என்றால் சரியாக இருக்கும். நமக்கே ட்ரஸ்ட் என்றால் முதலில் அறக்கட்டளைதானே ஞாபகம் வருகிறது.

ஆக, டிஸ்ட்ரஸ்டை எப்படித் தமிழில் சொல்வது? 'இரு தரப்புக்கும் இடையே பரஸ்பர அவநம்பிக்கை நிலவுகிறது' என்று செய்தியில் படிக்கிறோம், புரிந்தும் விடுகிறது. ஆனால் வாயால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஒருவரை ஒருவர் நம்புவதில்லை என்போம். இந்த 'நம்புவதில்லை'தான் என் கணக்கில் டிஸ்ட்ரஸ்டுக்குக் கிட்டத்தட்ட துல்லியமான தமிழ். 'நம்பவில்லை' என்றால் அந்த ஒரு பேச்சை அந்த ஒரு முறை நம்பவில்லை. 'நம்ப முடியவில்லை' என்றால் ஆச்சரியமாகக்கூட இருக்கலாம். 'நம்பமாட்டேன்' பிடிவாதம். 'நம்புவதில்லை' என்பதில்தான் முன்னால் நடந்ததும் இனி நடக்கப்போவதும் சேர்ந்து ஒரு நிலைப்பாடாக நிற்கிறது, யார், யாரை என்ற இரண்டும் வாக்கியத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அந்த அறிக்கையில் கடைசியில் போன வரியும் இதுதான்: 'இங்கே குடியிருப்பவர்கள் அதிகாரிகளை நம்புவதில்லை.' அதில் அவநம்பிக்கையும் இல்லை, நம்பத்தகாமையும் இல்லை.

பெயர்ச்சொல் வேண்டியே ஆகும் என்ற இடமும் வரும், தலைப்பு, அட்டவணை மாதிரி. அப்போது நம்பாமை போதும். நம்பிக்கையின்மை என்று போட்டால் அந்தப் புது ஆளின் காலி இடமும் அதில் கலந்துவிடுகிறது.

இதில் எனக்கு இன்னும் தீராத ஒரு கேஸ் இருக்கிறது, கணினிப் பாதுகாப்பில் வரும் 'ஜீரோ ட்ரஸ்ட்'. 2010இல் ஃபாரெஸ்டர் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ஜான் கிண்டர்வாக் பரவலாக்கிய தொடர் இது; 2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் இதற்கென்று ஒரு ஆவணமே வெளியிட்டது. பழைய ஏற்பாட்டில் அலுவலக வலையமைப்புக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் போதும், உள்ளே இருப்பவர் நம்மவர், எந்தக் கதவையும் திறக்கலாம். புதிய ஏற்பாட்டில் உள்ளே இருக்கிறாய் என்பதால் மட்டும் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறை ஒவ்வொரு கோப்பைக் கேட்கும்போதும் நீ யார், எந்தக் கருவி, இதைப் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்கும், உண்டென்றால் அதை மட்டும் கொடுக்கும். இதைப் 'பூஜ்ஜிய நம்பிக்கை' என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன், ஏதோ வாழ்க்கையில் விரக்தியடைந்த கணினி போல இருந்தது. டிஸ்ட்ரஸ்ட் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அது யார் மேலும் கெட்ட அபிப்பிராயம் வைத்திருக்கவில்லை. அந்தப் புது ஆளிடம் இருந்த காலி இடம், அதையே நிரந்தரமாக்கி வைத்திருக்கிறது.

இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரத்தைத் திரும்பப் புரட்டினேன். நம்புவதற்கு அங்கே வரும் சொற்களே வேறு, தேறுதல், தெளிதல். கலங்கிய நீர் தெளிகிற மாதிரி ஆள் விளங்கிய பிறகு வருவது. 509ஆவது குறள் 'தேறற்க யாரையும் தேராது' என்று ஆரம்பிக்கிறது, ஆராயாமல் யாரையும் நம்பாதே. ஆராய்ந்த பிறகு 'தேறுக தேறும் பொருள்', எந்தக் காரியத்துக்கு அவர் தேறுவாரோ அந்தக் காரியத்தில் நம்பு. கேட்ட கோப்பை மட்டும் கொடு என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தத் தொழில்நுட்ப ஆவணமும் சொல்லிவிட முடியாது. ஆனால் அடுத்த குறளிலேயே வள்ளுவர் கட்சி மாறிவிடுகிறார்: 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்'. ஆராயாமல் நம்புவது எவ்வளவு துன்பமோ, நம்பித் தேர்ந்தெடுத்தவரை மறுபடி மறுபடி சந்தேகப்படுவதும் அவ்வளவு துன்பம். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, காப்பி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் இன்னொரு முறை என்று கடவுச்சொல்லும் ஃபோனுக்கு வந்த எண்ணும் கேட்கிற திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, எனக்கு 510தான் ஞாபகம் வருகிறது.